பிள்ளையாருக்குப் பின்னால் இருபத்து மூன்று

போன சனிக்கிழமை தேக்கா கடைத்தெருவில் ஒரு சின்னத் தகராறு. தகராறு செய்தவள் என் தோழி ஃபிலோமினா. மாட்டிக்கொண்டவர், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் செல்வம் அண்ணன். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது... வேறு யார், நான்தான்.

ஃபிலோ மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே, எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள். எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லைன் லீடர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் இவள்தான் சாரி சொல்வாள். அப்படிப்பட்டவள் கடைக்குள் நுழைந்து, ஒரு காகிதச் சுருளை மேசைமேல் வைத்துவிட்டு, செல்வம் அண்ணனை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, நீங்க முடிக்கிற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த சாமி படங்களைப் பார்த்தேன். ஏன் இந்த மிரட்டல்? அதைச் சொல்ல வேண்டுமானால் சில மாதங்கள் பின்னால் போக வேண்டும்.

ஃபிலோவின் கணவர் சேவியர் விமானத்தில் ஸ்டீவர்ட். அடிக்கடி ஆம்ஸ்டர்டாம் போவார். அங்கே போகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள்? சாக்லெட், சீஸ், மரத்தில் செய்த குட்டிச் செருப்பு. சேவியர் வாங்கி வருவது கிராஃபிட்டி.

புரியும்படி சொல்கிறேன். அங்கே சில இளைஞர்கள் ஸ்ப்ரே பெயிண்டோடு கிளம்பிப் போய், ரயில்களிலும் சுவர்களிலும் தங்கள் பட்டப்பெயரைப் பெரிது பெரிதாக எழுதிவிட்டு ஓடிவிடுகிறார்கள். நம் ஊரில் அப்படி எழுதினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்... பிரம்படிதான், கொஞ்ச நாளைக்கு உட்கார முடியாது. அங்கேயும் போலீஸ் துரத்தத்தான் செய்கிறது. ஆனால் துரத்தப்பட்டவர்களில் சிலரை ஓவியம் விற்கும் கடைக்காரர்கள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுவரில் எழுதியதைக் காகிதத்தில் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் காகிதம் எப்படித் தயாராகிறது என்று ஒருநாள் சேவியரிடம் கேட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் சொன்னார். மெல்லிய துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வேண்டாத இடங்களை அடைத்துவிட்டு, மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுக்கிறார்கள். அடைக்காத இடத்தில் மட்டும் மை கீழே இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். நம் திருவிழா பனியன்களில் வேல் படம் அடிக்கிறார்களே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். பனியன்காரர் கேட்கிறவர்கள் கேட்கிறவரை அடிப்பார். இவர்கள் எழுபத்தைந்து அடித்ததும் நிறுத்திவிடுகிறார்கள். துணியைக் கழுவி, இருந்ததை அழித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு யார் அழுதாலும் எழுபத்தாறாவது கிடையாது. ஒவ்வொரு படத்திலும் கீழே வெள்ளையாக விட்ட ஓரத்தில் ஓவியர் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் எண் எழுதுவார். 23/75 என்றால் எழுபத்தைந்தில் இருபத்து மூன்றாவது.

இருபத்து மூன்றுக்கும் இருபத்து நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். அப்புறம் எண் எதற்கு? ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று ரயிலில் எழுதியவன், எழுபத்தைந்து பேர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று ஏன் எண்ணி அடிக்கிறான்? என் தலைக்குள் இது குடைந்துகொண்டே இருந்தது.

சேவியர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது.

"ரயில்ல எழுதுனத ஒரு வாரத்துல கழுவிடுறாங்க கா. அவன் எழுதுனதுல மிச்சம் இருக்கிறது இதுதான்."

சிரிக்காதீர்கள். புதுத் தபால்தலையின் முதல் நாள் உறைக்காக போஸ்ட் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் கியூவில் நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? என் வீட்டுக்காரர் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறார். அவரிடம் போய் நான் இந்த மாதிரிக் கேள்விகள் கேட்பதில்லை. குடும்பம் நடக்க வேண்டும்.

சேவியரிடம் ஒரே ஓவியரின் படங்கள் நான்கு இருந்தன. நான்கிலும் எண் இருபத்து மூன்று. முதல் படத்தை எந்த எண்ணில் வாங்கினாரோ, அடுத்தடுத்த படங்களிலும் அதே எண்ணை அவருக்காக எடுத்து வைப்பார்களாம். ஒரே எண்ணாகச் சேர்ப்பது இந்தச் சேகரிப்புக்காரர்களின் வழக்கமாம். இருபத்து மூன்று அவர்களுடைய கல்யாணத் தேதியாக இருக்கும் என்று நான் மனதுக்குள் ஒரு காதல் கதையே எழுதிவிட்டேன். ஃபிலோவிடம் கேட்டேன்.

"எங்க கல்யாணம் பன்னெண்டாம் தேதி லா கா," என்றாள்.

ஃபிலோவுக்கு இந்தப் படங்கள் பிடிக்காது. எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிய எழுத்துகள், மஞ்சளும் ரோஸும், நடுவில் பல்லைக் காட்டும் ஒரு ரயில். கிறுக்கல் என்பாள். அதை ஹாலில் மாட்டக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். ஹாலில் இருந்தவை இரண்டே படங்கள்: ஃபாதர் வந்து மந்திரித்து வைத்த திருஇருதய ஆண்டவர் படம், அவர்களுடைய கல்யாண போட்டோ. சேவியரின் மூன்று படங்களும் உள்ளே, பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் தொங்கின. நான்காவது, சட்டம் போடாமல் சுருளாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

இதற்காக சேவியர் ஒருநாளும் முகம் கோணியதில்லை. அவர் சண்டை போட்டிருந்தால் ஃபிலோ இன்னும் பத்து வருஷம் தாக்குப்பிடித்திருப்பாள். சண்டையே போடாமல் பாத்ரூம் பக்கத்தில் நின்று தன் படங்களை அவர் ரசித்துக்கொண்டிருந்ததுதான் அவள் மனதை என்னவோ செய்தது.

அவருடைய பிறந்த நாள் நெருங்கியது. வியாழக்கிழமை விமான வேலை முடிந்து வருகிறார். அதற்குள் அந்த நான்காவது படத்துக்குச் சட்டம் போட்டு, ஹாலில், ஆண்டவருக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவைப்பது என்று ஃபிலோ முடிவு செய்தாள். என்னிடம் சொல்லும்போது அவளுக்கு வெட்கம். அவருக்குப் பிடித்ததாக இதுவரை தான் எதுவுமே செய்ததில்லை என்றாள்.

சுருளை எடுத்துக்கொண்டு யாரிடம் போவாள்? கல்யாண போட்டோவுக்கும் ஆண்டவர் படத்துக்கும் கண்ணாடி போட்ட செல்வம் அண்ணனிடம்தான் போனாள்.

திங்கட்கிழமை மாலை படத்தை ஹாலில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பளபளவென்று கண்ணாடி. சுற்றிலும் தங்க நிறச் சட்டம், சாமி படங்களுக்குப் போடுகிற அதே சட்டம். ரயில் கொஞ்சம் பக்தியோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் அழகாகத்தான் இருந்தது. ஃபிலோ அதன் முன்னால் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு, எதிலும் நுழைகிற என் மூக்கைப் பற்றித் தெரியும். பாராட்டிவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். ஒரு மணி நேரம் பாடம் கேட்டவள் அல்லவா? கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் கீழ் ஓரத்தைத் தேடினேன். பென்சில் எழுத்து இல்லை. வெள்ளை ஓரமே இல்லை. நிறம் முடிந்த இடத்தில் சட்டம் தொடங்கிவிட்டது.

"நம்பர் எங்க ஃபிலோ?" என்று கேட்டேன்.

அவளும் பக்கத்தில் வந்து பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பாடம் பல முறை நடந்திருக்கிறது. அந்த எண்ணும் கையெழுத்தும் இல்லையென்றால் அது வெறும் போஸ்டர் என்று சேவியர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் இருவரும் தேக்காவுக்கு ஓடினோம். செல்வம் அண்ணன் சந்தோஷமாக வரவேற்றார். ஓரத்தை வெட்டுவது அவருக்குப் பழக்கம். அவரிடம் வருகிற சாமி படங்களில் பாதி காலண்டரிலிருந்து கிழித்தவை. கீழே நகைக்கடையின் பெயரும் ஃபோன் நம்பரும் இருக்கும். முருகனின் காலடியில் ஃபோன் நம்பர் இருந்தால் கும்பிட மனம் வருமா? அதனால் எந்தப் படம் வந்தாலும் முதல் வேலையாக ஓரத்தை வெட்டிவிடுவார்.

"கீழ யாரோ பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தாங்க மா. சுத்தமா எடுத்துட்டேன்," என்றார்.

அந்த ரயிலையும் பூரி எழுத்தையும் படம் என்று மதித்து விட்டுவைத்தவர், கையெழுத்தைக் கிறுக்கல் என்று வெட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ஃபிலோவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

வெட்டிய துண்டு எங்கே? குப்பைக் கூடையைக் கிளறுவதற்கு நாங்கள் குனிந்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நல்ல தடித்த காகிதத்தைக் குப்பையில் போடுகிற ஆள் அவர் இல்லையாம். அன்றைக்கே செய்த ஒரு பிள்ளையார் படம் சட்டத்துக்குள் லேசாக ஆடிக்கொண்டிருந்ததாம். இந்தத் துண்டைப் பின்னால் கொடுத்து, அட்டை வைத்து ஆணி அடித்துவிட்டாராம். இனி ஆடவே ஆடாது என்று உறுதி சொன்னார். பிள்ளையார் போன இடத்தையும் சொன்னார். காத்தோங்.

புதன்கிழமை காத்தோங் போனோம். மார்சிலிங் எங்கே, காத்தோங் எங்கே? பஸ் மாறி பஸ் ஏறி, எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் ஊர்ந்து, பிருஷ்டம் மரத்துப்போன பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க ஃபிலோவுக்கு ஒரே கவலை. எப்படிக் கேட்பது? யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் பிள்ளையாரைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அதிலும், கழுத்தில் சிலுவை போட்ட பெண் கேட்பது.

அந்த வீட்டுக்காரர் தனலட்சுமி அம்மா. ஐம்பதைத் தாண்டியவர், வீட்டிலேயே தையல் வேலை. முதலில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்றே கேட்டார். ஃபிலோ சொன்னாள். ரயில், எழுபத்தைந்து, பென்சில், பிறந்த நாள்... தனலட்சுமி அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. வீட்டுக்காரர் நாளைக்கு வருகிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தார்.

படம் சாமி மேடையில் இருந்தது. புது வீட்டுக்கு வந்ததற்காக வாங்கியது. சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோவிலில் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்து விளக்கேற்றியிருக்கிறார். கண்ணாடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் புதிதாக இருந்தன. அவர் பூவை எடுத்தார். படத்தை இறக்கினார். மேசைமேல் முகம் குப்புறக் கவிழ்க்க மனம் வரவில்லை போலிருக்கிறது. மடியில் சாய்த்து வைத்துத் திருப்பினார். பின்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. என்னிடம் சமையலறையிலிருந்து கத்தி எடுத்து வரச் சொன்னார்.

நான் ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குப் பிள்ளையாரும் தெரியவில்லை, ஃபிலோவும் தெரியவில்லை. அந்தத் துண்டைப் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான்.

தனலட்சுமி அம்மா கத்தியைக் காகிதத்தின்மேல் வைத்தார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது, மன்னிப்புக் கேட்பது போல.

"வேணாங்கம்மா," என்றாள் ஃபிலோ.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டு ஆண்டவர் படத்த கத்தியால பிரிக்கணும்னு யாராச்சும் வந்து நின்னா, நான் குடுத்திருக்க மாட்டேன். நீங்க குடுத்துட்டீங்க. போதும். எடுத்து வச்சிடுங்க."

தனலட்சுமி அம்மா விடவில்லை. கோவில் குருக்களிடம் கேட்டு முறையாகப் பிரிக்கலாம், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். ஃபிலோ வேண்டாம் என்றுவிட்டாள். படம் மேடைக்குத் திரும்பியது. பூவும் ஏறியது. கிளம்பும்போது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் கையில் வாழைப்பழம் கொடுத்தார்.

பஸ்ஸில் எனக்கு ஒரே எரிச்சல். இத்தனை தூரம் வந்து, கத்தியும் வைத்தாயிற்று, இப்போதுதான் இவளுக்கு ஞானம் வர வேண்டுமா? உட்லண்ட்ஸ் வந்து, எல்லை தாண்டி ஜொகூர் போகிறவர்களின் கூட்டத்தில் முட்டிமோதி இறங்கியபோது, சேவியர் என்ன சொல்வாரோ என்று ஃபிலோ கேட்டாள்.

வியாழக்கிழமை நடந்ததை ஃபிலோ பிறகு சொன்னாள். சேவியர் கதவைத் திறந்து உள்ளே வந்தவர், எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு அப்படியே நின்றாராம். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லையாம். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியதாம். விடவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் பக்கத்தில் போய்ப் படத்தின் கீழ் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், போட்டதைச் சாப்பிட்டார், அவ்வளவுதான். ஃபிலோ என் சமையலறையில் வந்து அழுதாள். ஆசையாகச் செய்த முதல் காரியம் இப்படி ஆகிவிட்டதே.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் சேவியர், காத்தோங் போகலாம் என்றிருக்கிறார். ஃபிலோ பயந்துபோய் என்னையும் கூப்பிட்டாள். துண்டைக் கேட்டு வாங்கத்தான் போகிறார் என்று இருவருமே நினைத்தோம். தனலட்சுமி அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். எங்களைப் பார்த்ததும், கத்தி கொண்டு வரட்டுமா என்று அவரே கேட்டார்.

சேவியர் சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படம் கொஞ்சமும் ஆடாமல் நின்றது. செல்வம் அண்ணன் பொய் சொல்லவில்லை. அதைப் பார்த்துவிட்டு சேவியர் ஃபிலோவிடம் திரும்பினார்.

"அந்தச் சுருள பஸ்ஸுலயா தூக்கிட்டுப் போன?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அன்னிக்கு இங்க செம மழையாமே."

குடையைச் சுருளுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துவிட்டதாகச் சொன்னாள் ஃபிலோ. அது எனக்கே அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகுதான் தனலட்சுமி அம்மாவுக்கு சேவியரிடமிருந்து பதில் வந்தது.

"இருக்கட்டுங்கம்மா. அது இங்கயே இருக்கட்டும்."

எண் எதற்கு என்று குடைந்துகொண்டிருந்தேன் அல்லவா? எனக்கு லேசாகப் புரிந்தது அங்கேதான். இது ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நாம் நனைந்துகொண்டு அதற்குக் குடை பிடிக்கிறோம்.

ஆனாலும் சேகரிப்பவர் புத்தி போகுமா? அடுத்த முறை ஆம்ஸ்டர்டாம் போனபோது அந்த ஓவியரையே பிடித்து, வெட்டிய படத்தில் மறுபடி 23 எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டாராம். இருபத்து மூன்று எங்கே இருந்தால் என்ன, இருக்கிறதல்லவா? இன்னொன்று எழுதினால் மற்ற எழுபத்து நான்கு பேரை ஏமாற்றியதாகிவிடும் என்றாராம். போலீசுக்கு டிமிக்கி கொடுக்கிற ஆளுக்கு இப்படி ஒரு நேர்மை.

பிறகு அந்தப் பிள்ளையார் என்ன சாமி, என்ன செய்யும் என்று ஓவியர் விசாரித்தாராம். தடைகளை நீக்கும் சாமி என்று சேவியர் சொன்னார். வேலி தாண்டிக் குதித்து ஓடியே பழகியவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தினமும் விளக்கு ஏற்றுகிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். ஏற்றுகிறார்கள். எங்கோ சுவரில் எழுதியதற்காகத் துரத்தப்பட்டவனின் கையெழுத்துக்கு, காத்தோங்கில் காலையும் மாலையும் கற்பூர ஆரத்தி. வெள்ளிக்கிழமை சுண்டல். அந்தச் சுண்டலுக்கு ஃபிலோவும் சேவியரும் இப்போது சேர்ந்தே போய்வருகிறார்கள்.

ஐந்தாவது படம் போன வாரம் வந்து சேர்ந்தது. அதே 23/75. ஆனால் சேவியருடைய படத்தில் மட்டும் ஓவியர் கீழ் ஓரத்தை நம்பவில்லை. கையெழுத்தையும் எண்ணையும் வெள்ளை மையால், படத்தின் நட்ட நடுவில், ரயிலின் நெற்றியில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கும் ஹாலில்தான் இடம். பழைய சட்டத்துக்கு ஜோடியாக இருக்க வேண்டும் என்று ஃபிலோ பிடிவாதம் பிடித்ததால், போன சனிக்கிழமை மறுபடி அதே கடை.

செல்வம் அண்ணன் சுருளை விரித்தார். கீழ் ஓரத்தைத் தொடவே மாட்டேன் என்று எங்கள் இருவருக்கும் சத்தியம் செய்தார். அப்புறம்தான் நடுவில் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அட, இந்தத் தடவ நடுவுலயே கிறுக்கிட்டாங்களே மா," என்றார் உண்மையான வருத்தத்தோடு. "நீங்க கவலப்படாதீங்க. எங்கிட்ட ஒரு சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் இருக்கு. மேல ஒட்டி மறைச்சிடுறேன்."

ஃபிலோ மேசைமேல் இருந்த கத்தியையும் பசை டப்பாவையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.